சின்ன பெல்டெர்க், பெரிய பெல்டெர்க்

அவைத்தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, இடம் கொடுத்த நூலகர் அம்மையார் அவர்களே, எனக்குச் சால்வை போர்த்திய செயலாளர் அவர்களே (டப்ளின் குளிரில் அது வெறும் மரியாதை இல்லை), உள்ளே வடை சுடுவதால் என் பேச்சிலிருந்து தப்பிய நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

அயர்லாந்துச் சிற்றூர் ஒன்றின் நிலம், வரலாறு, மக்கள் என்று மூன்றையும் பேசப் போகிறேன். ஊர் பெல்டெர்க். மேயோ கவுண்டியின் வடகோடி, தாண்டினால் அட்லாண்டிக்தான். அதிலும் இரண்டு: பெல்டெர்க் பெக், பெல்டெர்க் மோர். பெக் சின்னது, மோர் பெரியது. இப்படித் தனிப்பெயரும் எல்லையும் உள்ள துண்டு நிலத்துக்கு டவுன்லேண்ட் என்று பெயர். பேரில்தான் டவுன்; போய்ப் பார்த்தால் ஆடும் மழையும். இந்தத் தீவில் அப்படி 60,000க்கு மேல் உண்டு.

நிலம் என்றால் அங்கே சதுப்பு. செடிகள் மட்கிப் படிந்த அந்த மண்ணை வெட்டிக் காயவைத்து எரிப்பார்கள், அதுதான் டர்ஃப். 1930களில் பேட்ரிக் கால்ஃபீல்ட் என்ற பள்ளி ஆசிரியர் டர்ஃப் வெட்டும்போது அடியில் கல் தட்டுப்பட்டது. ஒன்றிரண்டு என்றால் விட்டிருப்பார், வரிசையாக இருந்தன. வாத்தியார் அல்லவா, யோசித்தார். கல் தானாக வரிசையில் நிற்காது. சதுப்போ அதன் மேல் வளர்ந்திருக்கிறது. அப்படியானால் சதுப்புக்கும் முன்னால் எவனோ இங்கே வேலி போட்டிருக்கிறான்! டப்ளின் அருங்காட்சியகத்துக்குக் கடிதம் எழுதினார்.

பிற்பாடு அவர் மகன் ஷேமஸ் தொல்லியல் படித்து ஊர் திரும்பினார். மண்வெட்டியை எடுத்தாரா? இல்லை. சதுப்பில் புதைந்த மரத்தைத் தேட ஊர்க்காரர்கள் வைத்திருந்த நீளக் கம்பியை எடுத்தார். குத்தினால் சர்ரென்று இறங்கும். பாதியில் டக்கென்று நின்றால் கல். அங்கே ஒரு குச்சியை நடு. நகர்ந்து மறுபடி குத்து. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்களே, இங்கே வயல்களே வெளியே வந்தன! பெல்டெர்க்கிலும் பக்கத்துக் கேஜா வயல்களிலும் நீள நீளமான கற்சுவர்கள். 5,000 ஆண்டுகளுக்கும் முந்தியவை என்பது அவர் கணக்கு, மறுப்பவர்களும் உண்டு. அந்தச் சண்டை அவர்களோடு இருக்கட்டும்.

சரி, வரலாறு. 1824இல் தொடங்கிய நில அளவைக்காக ஜான் ஓ'டொனவன் என்ற ஐரிஷ் மொழி அறிஞர் ஊர் ஊராகப் போய்ப் பெயர்களைக் கேட்டு எழுதினார். ஐரிஷ் பெயர் ஆங்கில எழுத்தில் நசுங்கினாலும் பிழைத்தது. 1840களின் பெரும் பஞ்சத்தில் ஆள் காலியான இடங்களிலும் பெயர் நின்றது. ஆபத்து இப்போதுதான். வட அயர்லாந்தில் 1970களில் சாலைப் பெயரும் வீட்டு எண்ணும் வந்து டவுன்லேண்டை முகவரியிலிருந்து தள்ளின. அங்கே ஃபெர்மனா கவுண்டி முரண்டு பிடித்தது. இங்கே அயர்லாந்துக் குடியரசில் 2015இல் ஏர்கோடு, அதாவது வீட்டுக்கு வீடு தனி அஞ்சல் குறியீடு, வந்தது. ஆம்புலன்ஸ் வழி தவறாமல் வருகிறது, நல்லதுதான். ஆனால் ஓர் இணையக் கடையின் படிவத்தில் என் டவுன்லேண்டுக்குக் கட்டமே இல்லை. நான்கு முறை எழுதிக் கேட்டேன். அடி மேல் அடிதான். இந்த அம்மி இன்னும் நகரவில்லை.

மருத்துவமனை வேலைக்காகக் கிராமப் பக்கம் குடியேறிய தம்பி தங்கைகளே, உங்கள் வீடு எந்த டவுன்லேண்ட்? பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கேளுங்கள். ஒரு மணி நேரம் விடமாட்டார். தெரிந்துகொண்டு, ஏர்கோடுக்கு மேலே அதையும் எழுதுங்கள்.

மக்களைப் பற்றித் தொடங்குவதற்குள் தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார். வடை வாசனையும் வருகிறது. வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். உங்கள் பெயர், கீழே டவுன்லேண்ட். ஏர்கோடு வேண்டாம். வணக்கம்.