அட்டையில் இருந்த ஊர்

நேயர்களுக்கு வணக்கம்.

நீலகிரி மாவட்டத்துப் பந்தலூர் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்க்கிறவர்கள், "வக்கீலுக்குப் படிச்சிட்டு மறுபடியும் ஏன் காலேஜுக்குப் போறே, பாப்பா?" என்று கேட்கிறார்கள். பஸ் வருவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை அது. இன்றைக்கு வானொலியில் கொஞ்சம் நேரம் கிடைத்திருக்கிறது.

ஐந்து வருட பி.ஏ., பி.எல். முடித்துக் கூடலூர் நீதிமன்றத்தில் ஒரு சீனியரிடம் இரண்டு வருடம் ஜூனியராக இருந்தேன். அடிக்கடி யாராவது பிளாஸ்டிக் உறையில் ஒரு குடும்ப அட்டையோடு வருவார்கள். ரேஷன் அட்டை இல்லை. இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவர்களுக்கு ராமேஸ்வரம் பக்கத்திலுள்ள மண்டபம் முகாமில் கொடுத்தது. அதில் பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கும், இல்லாவிட்டால் வயது இடிக்கும். பேரனுக்குச் சாதிச் சான்றிதழ் கிடைக்காது. மனு எழுதுவோம், அவ்வளவுதான்.

அப்படி ஓர் அட்டை எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியிலும் உண்டு, பாட்டியுடையது. சொந்த ஊர் என்ற இடத்தில் துறையூர் வட்டத்தில் ஒரு கிராமம் எழுதியிருக்கும். பாட்டி பிறந்ததோ இலங்கையில் ஹட்டன் பக்கம், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் ஒன்றில். துறையூரை அவர் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் சர்க்கார் கணக்கில் அவர் 'தாயகம் திரும்பியவர்'.

இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம், அங்கே தோட்ட வேலைக்குப் போன தமிழர்களின் வழிவந்த மலையகத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. இரு நாட்டுப் பிரதமர்களும் போட்ட 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று கொழுந்து நிறுப்பது போலப் பிரித்தது. மிச்சம் 1,50,000 பேரை 1974-இல் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் இங்கே டான்டீ என்கிற தமிழக அரசின் தேயிலைத் தோட்டங்கள் வந்தன. இதையெல்லாம் சட்டம் படித்தவர் அரை மணி நேரத்தில் படித்துவிடலாம். ஆனால் பாட்டிக்கு எது ஊர் என்ற கேள்விக்கு எந்தப் பிரிவிலும் பதில் இல்லை.

அதைத் தேடித்தான் தெற்காசிய ஆய்வுக்குப் போனேன். ஒரு நிலப்பகுதியை எடுத்துக்கொண்டு அதன் மொழி, வரலாறு, அரசியல் எல்லாவற்றையும் சேர்த்துப் படிக்கிற துறை இது. (ரஷ்யாவின் ஸ்புட்னிக் செயற்கைக்கோள் மேலே போன மறு வருடம், 1958-இல், அமெரிக்கா சட்டமே போட்டு இதற்குப் பணம் கொட்டியது. இந்தத் துறை வளர்ந்த விதம் அவ்வளவு புனிதமானதல்ல.)

போன இடத்தில் முதல் அடி: ஐந்து வருடம் படித்தாலும் என் பட்டம் இளநிலைதானாம். முனைவர் பட்டத்துக்கு முன்னால் முதுகலை வேண்டும் என்றார்கள். சரி, இரண்டு வருடம் எம்.ஏ. படித்தேன். சட்டக் கல்லூரியில் இருக்கும் தம்பி தங்கைகள் இதை முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.

அப்புறம் சிங்களம். மொழி தெரியாமல் கொழும்பு ஆவணக் காப்பகத்தில் பாதிக் கதைதான் கிடைக்கும். வீட்டில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த பாட்டி, தலை நிமிராமலே என் உச்சரிப்பைத் திருத்தினார். இருபது வருடமாக அவர் வாயிலிருந்து ஒரு சிங்களச் சொல்லை நான் கேட்டதில்லை. "கடைத்தெருவுக்குப் போனா பேசித்தானே ஆகணும்" என்றார், அவ்வளவுதான்.

முனைவர் பட்டத்துக்கான ஆய்வேட்டை எழுதுவதுதான் இன்னும் கஷ்டம். முதல் அத்தியாயத்தைப் படித்த நெறியாளர், "இது மனு மாதிரி இருக்கிறது" என்றார். உண்மைதான். எல்லோரையும் வலுக்கட்டாயமாக அனுப்பினார்கள் என்று வாதாடியிருந்தேன். தோட்டத்துப் பாடு போதும் என்று தாமாகவே விண்ணப்பம் போட்டவர்களை விட்டுவிட்டேன். வக்கீல் புத்தி, எதிர்த்தரப்புக்குச் சாதகமானதை நாமே ஏன் எடுத்துக் கொடுப்பது என்று நினைக்கும். ஆய்வில் அதையும் எடுத்து வைத்தே ஆக வேண்டும்.

அன்று இரவே பாட்டியிடம் கேட்டேன், நீங்களாக விரும்பித்தான் வந்தீர்களா என்று. "உங்க தாத்தா கையெழுத்துப் போட்டாரு. நான் சாமானைக் கட்டினேன்" என்றார். இரண்டாவது அத்தியாயத்தை அங்கிருந்துதான் ஆரம்பித்திருக்கிறேன்.

நன்றி, வணக்கம்.