லா காலேஜ் வளாகத்துல நிக்கற கூம்பு

எல்லாருக்கும் வணக்கம். சென்னை ஹைகோர்ட் பக்கத்துல, பழைய லா காலேஜ் வளாகத்துக்குள்ள போனவங்க பாத்திருப்பீங்க, கீழ சதுரமா, மேல கூம்பா ஒரு கட்டடம் நிக்கும். கோயிலும் இல்ல, சர்ச்சும் இல்ல, அது ஒரு சமாதி. உள்ள ரெண்டு பேரு. ஒருத்தர் ஜோசப் ஹின்மர்ஸ், கிழக்கிந்தியக் கம்பெனி கவுன்சில்ல இருந்தவரு, 1680ல போய்ச் சேர்ந்துட்டாரு. இன்னொன்னு டேவிட் யேல்னு ஒரு சின்னப் பையன். ரெண்டு பேருக்கும் என்ன உறவுன்னா, ஹின்மர்ஸ் செத்த அதே வருஷம் அவரோட மனைவி கேத்தரின் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள்ள இருக்கற செயின்ட் மேரீஸ் சர்ச்சுல எலிஹு யேலைக் கட்டிக்கிட்டாங்க, அந்த சர்ச்சுல நடந்த முதல் கல்யாணமே அதுதான், அவங்களுக்குப் பொறந்த புள்ளதான் இந்த டேவிட். ஆக, அம்மாவோட முதல் புருஷன் சமாதியிலயே புள்ளையும்.

யேலு யாருன்னு தெரியும்ல? 1687ல இருந்து 1692 வரைக்கும் இங்க கவர்னர். பின்னாடி 1718ல அமெரிக்காவுல ஒரு காலேஜுக்கு துணிமணி, 417 புத்தகம்னு அனுப்பி வச்சாரு, அவங்களும் இவரு பேரையே வச்சுட்டாங்க, அதுதான் இப்ப யேல் யுனிவர்சிட்டி. ஐரோப்பா போற ஒவ்வொரு கப்பல்லயும் குறைஞ்சது 10 அடிமைகளை ஏத்தணும்னு முடிவு பண்ணின கூட்டத்துலயும் இதே ஆள் இருந்தாரு, அதையும் சேத்தே சொல்லணும்.

ஆனா எனக்கு யேலை விட அந்த எடம்தான் முக்கியம். ஒரு காலத்துல அங்க இங்கிலீஷ்காரங்களோட பெரிய கல்லறைத் தோட்டமே இருந்துச்சு. 1758 டிசம்பர்ல பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து கோட்டையை முற்றுகை போட்டப்ப, அவன் ஆளுங்க இந்த உசரமான சமாதிங்களுக்குப் பின்னாடி மறைஞ்சுக்கிட்டு பீரங்கி அடிச்சாங்க. முற்றுகை முடிஞ்சதும் இங்கிலீஷ்காரங்களே, நம்மாளுங்க சமாதின்னு பாக்காம, இடிச்சுத் தள்ளிட்டாங்க. ஹின்மர்ஸ் சமாதியும் பவ்னி குடும்பத்துச் சமாதியும் மட்டும் தப்பிச்சுது. பேர் வெட்டின கல்லையெல்லாம் செயின்ட் மேரீஸ் சர்ச்சைச் சுத்தித் தரையில பதிச்சாங்க, அதுல 1652ல செத்த எலிசபெத் பேக்கரோட கல்லும் ஒண்ணு, சர்ச்சை விட வயசு ஜாஸ்தி. அங்கயாவது நிம்மதியா இருந்துச்சான்னா, அதுவும் இல்ல, ஹைதர் அலி சண்டையப்போ 1782ல கல்லைப் பேத்து கோட்டை மதில் மேல பீரங்கி நிறுத்தப் போட்டாங்க. செத்தவன் கல்லுக்குக் கூட சம்பளமில்லாத டியூட்டி!

1921ல இந்தச் சமாதியை பாதுகாக்கப்பட்ட சின்னம்னு அறிவிச்சாங்க. அதனால சுத்தி 100 மீட்டருக்குள்ள புதுசா எதுவும் கட்டக்கூடாது. ஹைகோர்ட்டுக்கோ மாடி மாடியா பார்க்கிங் வேணும். கேஸ் நடந்து, 2023ல தனி நீதிபதி சமாதியை வேற எடத்துக்கு மாத்தச் சொல்லித் தீர்ப்பு குடுத்தாரு, வரலாற்று முக்கியத்துவம் எதுவும் இல்லைன்னு. வக்கீல் நண்பர்கள் நெறைய பேரு உக்காந்திருக்கீங்க, பார்க்கிங் அவஸ்தை எனக்கும் தெரியும். ஆனா இந்தத் தீர்ப்பு எனக்கு ஒத்துக்கல. யேலு பெரிய மனுஷன்னு நான் வாதாடல. இந்த கூம்பை வேற எடத்துல கொண்டுபோய் வச்சா அது வெறும் கட்டடம்தான், அங்க நிக்கற வரைக்கும்தான் ஒரு மொத்த கல்லறைத் தோட்டத்துக்கு சாட்சி.

நம்ம ஊர்ல சின்னம்னா ஒரு நீலக் கலர் போர்டு, சேதப்படுத்தினா ஜெயில், அபராதம்னு மிரட்டல், அவ்வளவுதான். அதுக்குப் பக்கத்துல தமிழ்ல பத்து வரி எழுதுங்க, லாலி, பீரங்கி, இடிச்ச கதை, அடிமைக் கப்பல், எல்லாம் வரட்டும், செலவு ஒண்ணும் பிரமாதம் ஆகாது. இப்ப கேள்வி இருந்தா கேளுங்க, பார்க்கிங்கை எங்க கட்டறதுன்னு மட்டும் என்கிட்ட கேக்காதீங்க.