கடற்காற்றில் ஓசோன் எப்படிச் சேர்கிறது?

[திரையில்: நியூயார்க்கின் வரைபடம். நகருக்குக் கிழக்கே நீண்டு கிடக்கும் லாங் ஐலண்ட் சவுண்ட் என்ற கடல்பகுதி]

கோடை வெயில் கொளுத்தும் நாட்களில், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலக் கடலோரத்துக்குக் காற்று மாசு எச்சரிக்கை வருவது வழக்கம். வெஸ்ட்போர்ட், ஸ்ட்ராட்ஃபோர்டு, மேடிசன் எல்லாம் நியூயார்க்கோடு ஒப்பிட்டால் சின்ன ஊர்கள். ஆனாலும் பல நாட்களில் அந்தப் பெருநகரத்தைவிட அங்கேதான் ஓசோன் அதிகம்.

வானில் உயரத்தில் நம்மைப் புற ஊதாக் கதிரிலிருந்து காக்கும் அதே வாயுதான் இது. மூச்சில் போனால் நுரையீரலைப் புண்ணாக்கும், ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும்.

ஓசோன் எந்தப் புகைபோக்கியிலிருந்தும் நேராக வருவதில்லை. வண்டிப் புகையில் இருக்கும் நைட்ரஜன் டை ஆக்சைடைச் சூரிய ஒளி உடைத்து, ஓர் ஆக்சிஜன் அணுவைப் பிரித்துவிடும். அந்த அணு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்தால் ஓசோன். மிச்சமிருப்பது நைட்ரிக் ஆக்சைடு. அதை அப்படியே விட்டால், ஓசோனை அழித்து மறுபடி டை ஆக்சைடாகிவிடும், கணக்கு நேராகிவிடும்.

[திரையில்: பெட்ரோல் நிரப்பும் குழாய், பெயின்ட் டப்பா]

பெட்ரோல் ஆவியும் பெயின்ட், தின்னர் ஆவியும் வந்து சேரும்போதுதான் கணக்கு தப்புகிறது. இவை காற்றில் சிதையும்போது உண்டாகும் பொருள்கள், ஓசோனைச் செலவழிக்காமலேயே நைட்ரிக் ஆக்சைடை டை ஆக்சைடாக மாற்றிவிடுகின்றன. அழிய வேண்டிய ஓசோன் அழியாமல் குவிகிறது.

சரி, நகரத்தில் ஏன் குறைவு? அங்கே வண்டிகள் புதிது புதிதாக நைட்ரிக் ஆக்சைடைக் கக்கிக்கொண்டே இருக்கின்றன. அது ஓசோனைக் கரைத்துவிடுகிறது. தென்மேற்குக் காற்று இந்த மாசையெல்லாம் தண்ணீருக்கு மேல் தள்ளியதும் நிலைமை மாறுகிறது.

[திரையில்: கடல்பகுதியின் குறுக்குவெட்டு. அடியில் நீலம், மேலே சிவப்பு]

கோடையின் முற்பகுதியில் தண்ணீர் நிலத்தைவிடக் குளிர்ச்சி. அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனமாகி, தாழ்வாகத் தங்கிவிடும். மேலே வெப்பக் காற்று மூடிபோல் அமர்ந்துகொள்ளும். அந்த மெல்லிய அடுக்குக்குள் மாசு சிக்கிக்கொண்டு வெயிலில் வேகும். நிலத்தில் என்றால் மரத்தின் இலைகள் ஓசோனை நிறைய உறிஞ்சும். தண்ணீரில் அது எளிதில் கரையாது. பிற்பகலில் கடற்காற்று வீசும்போது, சேர்த்து வைத்த மொத்தமும் கரைக்குத் திரும்புகிறது. 2018 கோடையில் லிஸ்டோஸ் என்ற பெரிய ஆய்வு, விமானங்களையும் படகுகளையும் கொண்டு இதைத்தான் பின்தொடர்ந்து அளந்தது.

அப்புறம் உப்பு. எனக்கு இதில் மிகவும் வியப்பான பகுதி இதுதான். இரவில் நைட்ரஜன் மாசு கடல் உப்புத் துகளில் பட்டு, நைட்ரில் குளோரைடு என்ற வாயுவாகிறது. விடிந்ததும் வெயில் பட்டு உடைந்து குளோரின் அணுக்களை விடுகிறது. அவை அன்றைய ஓசோன் உற்பத்தியைக் காலையிலேயே முடுக்கிவிடுகின்றன. 2006ல் டெக்சஸ் கடலோரத்தில், ஹூஸ்டன் அருகே ஆய்வுக் கப்பலில் இதை நேரடியாக அளந்தார்கள்.

காற்றில் ஓசோனுக்கு அமெரிக்க வரம்பு, 8 மணி நேரச் சராசரியாக 100 கோடியில் 70 பங்கு. கனெக்டிகட் தன் வண்டிகளை மட்டும் கட்டுப்படுத்தி அதை எட்ட முடியாது. காற்று வரும் திசையில் உள்ள மாநிலங்களும் குறைத்தாக வேண்டும். அதுவரை, எச்சரிக்கை நாளில் பிள்ளைகளின் விளையாட்டைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். தூசியைத் தடுக்கும் முகக்கவசம் ஓசோனைத் தடுக்காது.