சூம் மடங்கைப் பார்த்துக் கமரா வாங்கலாமா? – நேயர் கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்வி உப்புவெளியிலிருந்து வந்திருக்கிறது. ஆசிரியராகப் பணியாற்றும் ஒரு தம்பி கேட்கிறார்: "ஐயா, ஓய்வு நேரத்தில் பறவைகளையும் கோயில் திருவிழாக்களையும் படம் எடுத்து வருகிறேன். லென்ஸ் மாற்றும் கமரா வாங்கினால்தான் கலையைக் கற்க முடியும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கோ எல்லாம் ஒன்றில் அடங்கிய கமராவில்தான் விருப்பம். 65 மடங்கு சூம் போதுமா, 125 மடங்கு வேண்டுமா?"

தம்பி, கற்பதைப் பற்றிய கவலையை முதலில் விட்டுவிடுங்கள். ஒளி புகும் லென்ஸ் துளையின் அளவு, ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ எனப்படும் ஒளி உணர்திறன் ஆகிய மூன்றையும் நம் கையால் அமைக்க இடம் தரும் எந்தக் கமராவும் கற்பதற்குப் போதுமானது. ஆனால், மடங்கைப் பற்றிய உங்கள் கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது.

மடங்கு என்பது லென்ஸின் மிகக் குறைந்த குவியத் தூரத்துக்கும் மிகக் கூடிய குவியத் தூரத்துக்கும் இடையிலான விகிதம்; குவியத் தூரம் கூடக் கூடத் தொலைவிலுள்ளது நெருங்கித் தெரியும். அதற்கு மேல் ஒன்றுமில்லை. 2018 இல் வெளிவந்த கெனன் எஸ்எக்ஸ்70 கமராவின் லென்ஸ், பழைய பிலிம் சட்டத்தின் அளவு சென்சர் கொண்ட முழுச்சட்டக் கமராவுக்கு ஈடாகக் கணக்கிட்டால், 21 மில்லிமீற்றரில் தொடங்கி 1365 இல் முடிகிறது; ஆகவே அது 65 மடங்கு. அதே ஆண்டில் வந்த நிக்கோன் பி1000, 24 இல் தொடங்கி 3000 வரை செல்வதால் 125 மடங்கு. இவ்வளவு நீண்ட பார்வையைக் கையில் தூக்கக்கூடிய ஓர் உடலுக்குள் அடக்க வேண்டுமானால், ஒளியை வாங்கும் சென்சரைச் சிறிதாக்குவதைத் தவிர வேறு வழியில்லை. இவ்விரண்டிலும் உள்ள சென்சர் ஏறத்தாழ 6.2 மில்லிமீற்றர் அகலமும் 4.6 மில்லிமீற்றர் உயரமும் கொண்டது. சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது.

இதே வகைக் கமராக்களில் இன்னொரு பிரிவு உண்டு. 2014 இல் வந்த பனசொனிக் எஃப்இசட்1000, 2017 இல் வந்த சொனி ஆர்எக்ஸ்10 நான்காம் பதிப்பு ஆகியவற்றில் இருப்பது "ஓர் அங்குல" சென்சர். உண்மையில் அது ஓர் அங்குலம் அல்ல, 13.2 க்கு 8.8 மில்லிமீற்றர்தான், பழைய தொலைக்காட்சிக் கமராக் குழாயின் வெளிவிட்டத்தை வைத்துச் சொல்லிவந்த அளவு இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனாலும் பரப்பளவில் அது முன்னதைவிட நான்கு மடங்கு பெரியது. சூமோ முதலாவதில் 400, இரண்டாவதில் 600 மில்லிமீற்றருடன் நின்றுவிடும். விற்பனையாளர் மடங்கைச் சொல்லும்போது நீங்கள் சென்சரின் அளவைக் கேளுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

நம் திருகோணமலையிலேயே இந்த வேறுபாட்டைப் பார்க்கலாம். கோட்டைக்குள் புள்ளிமான்கள் காலை வெயிலில் மேயும்போது, எந்தக் கமராவும் நல்ல படம் தரும். அதே கோட்டை வழியாகக் கோணேசர் கோயிலுக்குப் போய், சூரியன் சாய்ந்த பிறகு மலையோரத்தில் நிற்பவர்களைத் தூரத்திலிருந்து எடுக்க முனைந்தால், பி1000 இன் துளை அளவு முழுச் சூமில் எஃப் 8 ஆகிவிடுகிறது, எஃப் எண் கூடக் கூடச் சென்சருக்கு வரும் ஒளி குறையும்; குறைந்த ஒளியைச் சிறிய சென்சர் வாங்க வேண்டியிருப்பதால், ஐஎஸ்ஓ ஏறி, முகங்கள் மணல் தூவியதுபோல் ஆகிவிடும். சொனியின் அந்தக் கமரா 600 மில்லிமீற்றரிலும் எஃப் 4 இல் நிற்கும். இரவுத் திருவிழா எடுக்கும் உங்களுக்கு இது பெரிய உதவி. அதன் எடை ஒரு கிலோவைத் தாண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நண்பகலில் சுவாமி மலையிலிருந்து கடலைப் பார்த்து 2000, 3000 மில்லிமீற்றர் சூமை முழுவதும் நீட்டினால், சூடேறிய காற்றின் அலைவால் தொலைவிலுள்ள படகு நெளிந்துதான் தெரியும். அது கமராவின் குறையன்று. எவ்வளவு விலை கொடுத்தாலும் தீராது. காலை எட்டு மணிக்கு முன்பு போவதே மருந்து.

திமிங்கிலம் பார்க்கப் படகில் போகிறவர்கள் பெரும்பாலும் சூமை முழுவதும் நீட்டி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். நீர்ப்பீச்சு எழும்போது அதைக் கமராவின் காட்சித்திரைக்குள் தேடுவதற்குள் முதுகு அமிழ்ந்துவிடும். விரிந்த பார்வையில் வைத்துக் கண்டுபிடித்து, அதன்பின் நெருங்குங்கள். ஷட்டர் வேகம் ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடிக்குக் குறைய வேண்டாம். கமராவிலுள்ள நடுக்கத் தடுப்பு உங்கள் கை நடுக்கத்தைத்தான் சமாளிக்கும். திமிங்கிலத்தின் அசைவை நிறுத்தாது.

நண்பர்களின் பேச்சுக்கு என் பதிலும் கடற்கரையிலேயே இருக்கிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் நிலாவெளி மணலில் நின்று லென்ஸைக் கழற்றி மாட்டுவது எனக்கு ஒருபோதும் மனம் வராத வேலை. நிலையாகப் பூட்டிய லென்ஸ் அந்தத் தொல்லையைத் தீர்க்கிறது. ஆனால், அதற்கும் ஒரு விலை உண்டு. அதை நானே கட்டினேன். நீண்டு சுருங்கும் லென்ஸ், நீளும் ஒவ்வொரு முறையும் வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. ஈர மணல் ஒட்டிய துவாயின் மேல் கமராவை வைத்துவிட்டு எடுத்தபோது, குழல் பாதியில் நின்று கரகரத்தது. பழுதுபார்ப்பவர் முழுவதையும் பிரிக்க வேண்டியதாயிற்று. லென்ஸ் மாற்றும் கமராவாக இருந்திருந்தால், அந்த லென்ஸை மட்டும் கழற்றிக் கொடுத்திருப்பேன். சென்சரில் தூசி படிந்தாலும் இதே கதைதான். நாமாகத் திறந்து துடைக்க இயலாது.

ஆகவே, கடற்கரையிலிருந்து வந்ததும் லென்ஸைச் சுருக்கிவிடாமல், நன்னீரில் நனைத்து நன்கு பிழிந்த மென்துணியால் குழலைத் துடைத்து, உலர்ந்தபின் சுருக்குங்கள். மாரி காலத்தில் தோல் பைக்குள் பூட்டிவைக்காதீர்கள். பூஞ்சை அங்கேதான் வளரும். காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள்.

உங்கள் தேவைக்கு நான் ஓர் அங்குல சென்சரையே சொல்வேன். கந்தளாய்க் குளத்துப் பறவைகளை மட்டும், அதுவும் பகல் ஒளியில் மட்டும் எடுப்பவராக இருந்திருந்தால் நீண்ட சூமைத் தடுத்திருக்க மாட்டேன். புதியது விலை கூடுதலென்று பழையதைத் தேடினால், சூமைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை பத்துத் தடவை ஓட்டிக் காதுகொடுத்துக் கேளுங்கள். பின்னர் கைவிளக்கை லென்ஸுக்குச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். சிலந்திவலைபோல் பூஞ்சை நூல்கள் தெரிந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.