கறுப்புப் புகையும் ஏமாந்த கணினியும்

நேயர்களுக்கு வணக்கம். பழைய இன்ஜெக்ஷன் வேன், அதாவது கணினி அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் வண்டி, வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை பழக்கமாகியிருக்கும். சைலன்சர் வாயில் கரி படிகிறது, என்ஜின் சூடான பிறகும் பெட்ரோல் வாடை போகவில்லை, டேங்க் நிரப்பிய வேகத்திலேயே வற்றுகிறது. பட்டறையில் இதை "ரிச்சாக ஓடுகிறது" என்போம். ஒரு பங்கு பெட்ரோல் சரியாக எரிய எடைக்கணக்கில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். இங்கே பெட்ரோல் அந்தக் கணக்கை மீறிவிட்டது. புகை நீலமாக இருந்தால் எரிவது ஆயில். அது வேறு கதை.

"ஏர் ஃபில்டரை மாற்றுங்கள்" என்று யாராவது முதலில் சொல்வார்கள். கார்புரேட்டர் காலத்துப் பேச்சு அது. இன்ஜெக்ஷன் வண்டியில் உள்ளே போகும் காற்றை அளந்த பிறகுதான் பெட்ரோல் விடப்படுகிறது. ஃபில்டர் அடைத்தால் இழுவை குறையும், ரிச்சாவது அரிது.

கணினிக்குக் கண் கிடையாது. சென்சார் சொல்வதை நம்பித்தான் பெட்ரோலை விடுகிறது. ஆகவே நான் முதலில் சந்தேகிப்பது கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பநிலை சென்சாரை. குளிரில் இதன் மின்தடை அதிகம், சூடேறச் சூடேறக் குறையும். பல வண்டிகளில் 20 டிகிரியில் 2,000 ஓமுக்கு மேல் இருக்கும், 80 டிகிரியில் சுமார் 300 ஓமுக்கு இறங்கும். உங்கள் வேனுக்கான அளவைப் பழுதுநீக்கக் கையேட்டில் பாருங்கள். வயர் அறுந்தாலோ, கனெக்டர் பின்னில் பச்சைக் களிம்பு ஏறினாலோ, தடை கூடுகிறது. என்ஜின் கொதித்துக்கொண்டிருக்க, கணினியோ கடுங்குளிர் என்று நினைத்துப் பெட்ரோலைக் கொட்டுகிறது. எனவே மல்டிமீட்டரைச் சென்சாரில் மட்டும் வைத்துத் திருப்தியடையாதீர்கள். கணினிப் பக்கத்துக் கனெக்டரிலும் வைத்துப் பாருங்கள். இரண்டு எண்களும் பெரிதாக வேறுபட்டால், கோளாறு வயரில் இருக்கிறது. என்ஜின் சூடாகும்வரை கூலன்ட்டைத் தடுத்துவைக்கும் தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கிக்கொண்டால் சென்சார் உண்மையையே சொல்லும், என்ஜின்தான் சூடாகாது. விளைவு ஒன்றுதான்.

நான் ஒருமுறை நன்றாக ஏமாந்தேன். எக்ஸாஸ்ட் புகையில் மிஞ்சும் ஆக்சிஜனைப் பார்க்கும் ஆக்சிஜன் சென்சாரின் மின்னழுத்தம் 0.9 வோல்ட்டில், அதாவது "ரிச்" என்று சொல்லும் அளவில், அசையாமல் நின்றது. சென்சார் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிப் புதிதாகப் போட்டேன். அதுவும் 0.9 வோல்ட்டில் நின்றது. பழையது பாவம், உள்ளதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு பெட்ரோல் அழுத்தச் சீராக்கியின் மெல்லிய வாக்கியூம் ஹோஸைக் கழற்றினேன். உள்ளே காற்று மட்டுமே இருக்க வேண்டிய குழாய் அது. கவிழ்த்ததும் விரலில் இரண்டு சொட்டுப் பெட்ரோல் விழுந்தது. சீராக்கிக்குள் இருந்த சவ்வு கிழிந்து, இன்ஜெக்டரைத் தொடாமலே பெட்ரோல் என்ஜினுக்குள் போய்க்கொண்டிருந்தது. இந்தச் சோதனையை என்ஜின் ஆறிய பிறகு, தீப்பொறிக்கு வழியில்லாத இடத்தில் செய்யுங்கள்.

எதிர்மாறான வம்பும் உண்டு. ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் குழாயில் விரிசல் இருந்தால் வெளிக்காற்று உள்ளே புகும். "பெட்ரோல் போதவில்லை" என்று சென்சார் சொல்ல, கணினி மேலும் மேலும் சேர்க்கும். ஒரு பிளக் எரியாமல் விட்டாலும் அப்படித்தான்: அந்தச் சிலிண்டரிலிருந்து பயன்படாத ஆக்சிஜன் வெளியே வரும். ஆகவே பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வையுங்கள். எல்லாமே உலர்ந்த கரியாக இருந்தால் கோளாறு பொதுவானது. ஒன்று மட்டும் நனைந்திருந்தால் அந்தச் சிலிண்டரின் இன்ஜெக்டர் ஒழுகுகிறதா, தீப்பொறி வருகிறதா என்று பாருங்கள். குளிரில் ஸ்டார்ட் செய்வதற்கென்றே தனி இன்ஜெக்டர் உள்ள வண்டியானால் அதையும் மறந்துவிட வேண்டாம்.

எல்லாம் சரிசெய்ததும் ஆயில் அளவுக் கம்பியை உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால், அளவு மேல்கோட்டைத் தாண்டி ஏறியிருந்தால், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஆயிலை நீர்க்க வைத்திருக்கிறது. பேரிங் தேய்வதற்குள் ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றிவிட்டு வண்டியை எடுங்கள். வணக்கம்.