ஜமக்காளத்துல பெயின்ட் கொட்டிருச்சுங்களா?

[காட்சி: ஆசாரத்துல விரிச்ச பவானி ஜமக்காளம். நடுவுல வெள்ளை பெயின்ட் குளமா நிக்குது. பக்கத்துல கவுந்த டப்பா.]

மொதல்ல ஃபேனை நிறுத்துங்க. துணியைத் தேடி ஓடறது அப்புறம்.

போன பொங்கலுக்கு எங்க ஊட்டுல வெள்ளை அடிக்கறப்ப நடந்ததுங்க இது. ஸ்டூல் ஆடுச்சு, நாலு லிட்டர் எமல்ஷன், அதாவது தண்ணி கலந்து அடிக்கற பெயின்ட், டப்பாவுல பாதி கீழ. ஒறம்பரை வந்தா மட்டும் விரிக்கற அம்மாயி ஜமக்காளத்தை அன்னிக்குப் பார்த்து எவனோ விரிச்சு வெச்சிருக்கான். அந்த எவன் நான்தானுங்க. பழைய வேட்டியை எடுத்து நாலு இழு இழுத்தேன். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு இருந்தது மொறம் அகலத்துக்குப் பரவிருச்சு.

[காட்சி: நெருக்கத்துல நெசவு. தடிச்ச நூல் வரிசைக்கு நடுவுல பள்ளம். அதுக்குள்ள பெயின்ட்.]

இதைப் பாருங்க. ஜமக்காளத்துல குறுக்க ஓடற ஊடை நூல் தடிமன், வரப்பு வரப்பா நிக்கும். தேய்ச்சா மேல இருக்கற பெயின்ட் வரப்புக்கு நடுவுல எறங்கிரும். அதனால துடைக்கக் கூடாது, அள்ளணும். தோசைத் திருப்பியும் பிளாஸ்டிக் குப்பை மொறமும் போதும். ஓரத்துல இருந்து நடுவுக்கு வழிச்சு, பக்கெட்டுல போடுங்க. பெரிய கொட்டலா இருந்தா பாதி வேலை இதுலயே முடிஞ்சிரும்.

அள்ளுன கையோட டப்பாவைத் திருப்பிப் படிங்க. தண்ணி கலந்து அடிக்கறதா, டர்பன்டைன் கலந்து அடிக்கறதா? இதுக்கப்புறம் எல்லாமே அதைப் பொறுத்ததுதான்.

தண்ணி பெயின்ட்னா, அதுல கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் துளிங்க மிதக்குதுன்னு வெச்சுக்குங்க. தண்ணி ஆவியாக ஆவியாக அதெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டித் தோலாயிரும். தோலாயிட்டா மறுபடி தண்ணியில கரையாது. மழை பெஞ்சா செவுத்துப் பெயின்ட் கரைஞ்சு ஓடறதில்லையே, அதே கதைதான். மெல்லிசாப் படிஞ்ச எடம் அரை மணி நேரத்துல காஞ்சிரும். ஃபேனை நிறுத்தச் சொன்னது அதுக்குத்தான். ஈரம் போகாம தண்ணி தெளிச்சுக்கிட்டே இருங்க.

[காட்சி: வெள்ளை பனியன் வேஸ்ட். அழுத்தறாங்க, எடுக்கறாங்க, துணியை மாத்தறாங்க.]

ஒத்தி எடுக்கறதுக்கு பனியன் வேஸ்ட், அதான் பனியன் தைக்கறப்ப மிஞ்சற துண்டுத் துணி, மாதிரி ஒண்ணு இல்லீங்க. திருப்பூர் பக்கம் எந்த ஒர்க்‌ஷாப்புல கேட்டாலும் குடுப்பாங்க. வெள்ளையாப் பார்த்து வாங்குங்க, கலர் துணி தன்னோட சாயத்தையும் சேர்த்து ஏத்திரும்.

சாயம்னு சொன்னதும், ஜமக்காளத்தோட சாயத்தையும் பார்த்துக்குங்க. ஒரு மூலையில சோப்புத் தண்ணி தொட்டு, வெள்ளைத் துணியை ரெண்டு நிமிஷம் அழுத்திப் பாருங்க. செவப்பு ஏறுச்சுன்னா நிறுத்திட்டு வெறும் தண்ணியோட போங்க. 2005-06ல புவிசார் குறியீடு வாங்குன பவானி ஜமக்காளத்துல பருத்தி நூலும் உண்டு, செயற்கைப் பட்டு நூலும் உண்டு. செயற்கைப் பட்டு நனைஞ்சா பலம் கொறைஞ்சிரும், பிரஷ் போட்டுறாதீங்க.

சாயம் நின்னுச்சுன்னா, ரெண்டு பேரு நாலு முனையைப் பிடிச்சு, தூளி மாதிரி ஊட்டுக்குப் பின்னாடி பொடக்காளிக்குத் தூக்கிட்டுப் போங்க. மடிச்சா நல்ல எடத்துலயும் ஒட்டிக்கும். பெயின்ட் பட்ட பக்கத்தைக் கீழ போட்டு, முதுகுப் பக்கமா ஹோஸ்ல தண்ணி அடிங்க. வந்த வழியா வெளிய போகட்டும். ஒரு லிட்டர் தண்ணிக்கு ஒரு ஸ்பூன் பாத்திரம் கழுவற லிக்விட் போதும்.

அடியில பசை போட்டு ஒட்டுன கார்ப்பெட்டுக்கு இப்படித் தண்ணி ஊத்தக் கூடாதுங்க. தெளிச்சுத் தெளிச்சு ஒத்தணும். காருக்கு வாட்டர் சர்வீஸ் பண்ற கடையில தண்ணி உறிஞ்சற வேக்குவம் இருந்தா வாங்கிட்டு வாங்க.

[காட்சி: எனாமல் டப்பா. ஜன்னல் தொறக்குது. சாமி விளக்கு அணையுது.]

டர்பன்டைன் கலந்து அடிக்கற எனாமலா? ஜன்னலைத் தொறங்க, அடுப்பு, சாமி விளக்கு ரெண்டையும் அணைங்க. டர்பன்டைனைத் துணியில தொட்டு ஒத்துங்க. ஊத்துனீங்கன்னா கார்ப்பெட்டோட அடிப்பசை கரைஞ்சு போயிரும். இதுல வேக்குவம் வேண்டவே வேண்டாம், ஒரு பொறி போதும் தீப்பிடிக்க. துடைச்ச துணியைக் குவிச்சு வெச்சாலும் தானாச் சூடேறித் தீப்பிடிக்கும். வெளிய ஒண்ணொண்ணா விரிச்சுக் காயப் போடுங்க.

ஏற்கெனவே காஞ்சு போன எமல்ஷனா? சானிடைசரை நனைய விட்டு, அஞ்சு பத்து நிமிஷம் கழிச்சு கத்தியோட முதுகால மெல்லச் சொரண்டுங்க. இதுக்கும் மூலையில சாயம் பார்த்துட்டுத்தான்.

பக்கெட்டுல அள்ளுன பெயின்ட்டை வாய்க்கால்ல கொட்டிறாதீங்க. சாயப்பட்டறைத் தண்ணியில நொய்யல் ஆறு பட்ட பாடு நமக்குத் தெரியாததா? மணலைப் போட்டு இறுக விட்டுக் குப்பையில சேருங்க.

[காட்சி: திண்ணைச் செவுத்து மேல காயற ஜமக்காளம்.]

எங்களுது முழுசாப் போகலீங்க. நான் இழுத்த எடத்துல, பச்சைப் பட்டை மேல உள்ளங்கை அளவுக்கு இன்னும் வெளுப்பு இருக்குது. ஒறம்பரை வந்தா அம்மாயி சரியா அதுமேல வெத்தலைப் பெட்டியை வெச்சிருவாங்க.