மல்லாட்டைக்கு எந்த ஊர்?

நேயர்களுக்கு வணக்கம். இந்த நேரத்தில் உங்களில் பாதிப் பேர் அடுப்படியில் இருப்பீர்கள். நல்லது. நான் பேசப்போவதும் அங்கே டப்பாவிலும் கூடையிலும் இருக்கிற பொருள்களைப் பற்றித்தான். அவை எங்கிருந்து வந்தன என்று தேடிப் படிப்பது எனக்கு முப்பது வருடப் பழக்கம்.

முதலில் மல்லாட்டை. விழுப்புரம், திண்டிவனம், பண்ருட்டிப் பக்கத்து நேயர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்கு நிலக்கடலை என்று சொன்னால் புரியும். எங்கள் ஆயா கொல்லையில் உட்கார்ந்து செடியிலிருந்து காய் ஆய்வார். காயெல்லாம் ஈரமண் ஒட்டியிருக்கும். நடுவில் ஒன்றை விரலால் நெரித்து உடைத்து, இளம்பருப்பை என் வாயில் போடுவார். பால் மாதிரி இனிக்கும்.

ஆறாம் வகுப்புக்கு என்னை மதுரையில் மாமா வீட்டில் சேர்த்தார்கள். கடைக்குப் போய் “மல்லாட்டை குடுங்க” என்றேன். கடைக்காரருக்குப் புரியவில்லை. பின்னால் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அப்புறம் வெகுநாள் அந்தச் சொல்லை நான் வாயில் எடுக்கவே இல்லை.

தமிழாசிரியராக வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஒருநாள் நூலகத்தில் வேறு எதையோ தேடும்போது ‘மணிலாக்கொட்டை’ என்ற சொல் கண்ணில் பட்டது. வேகமாகச் சொல்லிப் பாருங்கள். மணிலாக்கொட்டை, மல்லாக்கொட்டை, மல்லாட்டை! புத்தகத்தை மூடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மணிலா என்பது பிலிப்பைன்ஸ் நாட்டின் தலைநகர். கடலை பிறந்தது அங்கேயும் இல்லை, தென் அமெரிக்காவில். 1565 தொடங்கி 250 வருடம், ஸ்பானியரின் கப்பல்கள் மெக்சிகோவின் அக்கபுல்கோ துறைமுகத்துக்கும் மணிலாவுக்கும் போய்வந்துகொண்டிருந்தன. எங்கள் ஆயா செங்கல்பட்டைத் தாண்டியதில்லை. ஆனால் கடல் கடந்த ஓர் ஊரின் பெயரை நாள்தோறும் சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் சிரித்த அந்தச் சொல்லுக்குள் இவ்வளவு இருந்தது.

அன்றிலிருந்து எந்தக் காயைப் பார்த்தாலும் பெயரைத்தான் முதலில் பார்க்கிறேன்.

மிளகாயை எடுங்கள். மிளகு போல உறைக்கிற காய், அதனால் மிளகாய். அது வருவதற்கு முன்பு நமக்கு உறைப்பு என்றால் பெரும்பாலும் மிளகுதான். அதற்குச் சங்க காலத்தில் ‘கறி’ என்று இன்னொரு பெயரும் உண்டு. முசிறித் துறைக்கு யவனர் கப்பல் பொன்னோடு வந்து கறியோடு திரும்பியது என்கிறது அகநானூறு. 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் வந்து இறங்கியதும் இந்த மிளகுக்காகத்தான். அந்தப் போர்ச்சுக்கீசியர் வழியாகத்தான் அமெரிக்கக் கண்டத்து மிளகாய் நம் கரைக்கு வந்தது. மிளகு வாங்க வந்தவர்கள், மிளகின் இடத்தையே பிடித்துக்கொள்ளும் ஒரு காயைத் தந்துவிட்டுப் போனார்கள்.

பழைய சமையல் எப்படி இருந்திருக்கும் என்று தெரிய வேண்டுமா? திவசச் சமையலைப் பாருங்கள். அந்த வழக்கம் உள்ள பல வீடுகளில் அன்றைக்கு மிளகாய் கிடையாது, தக்காளி, உருளைக்கிழங்கு, கோஸ் கிடையாது. மிளகு, வாழைக்காய், பாகற்காய், சேப்பங்கிழங்கு, பிரண்டை. அவ்வளவுதான். அந்த இலையும் படிக்க வேண்டிய ஒன்றுதான் என்பேன்.

சரி, வெளியிலிருந்து வந்ததையெல்லாம் ஒதுக்க வேண்டுமா? நான் அப்படிச் சொல்லவில்லை. புறநானூற்றில் 99-ஆம் பாட்டு. அதியமானைப் பாடும் ஒளவையார், கிடைத்தற்கரிய கரும்பை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்தவர்கள் உன் முன்னோர் என்று புகழ்கிறார். கரும்பும் வந்ததுதான்! கொண்டுவந்தவரை மறக்காமல் பாட்டில் வைத்திருக்கிறார்கள். இந்த வரியை வகுப்பில் நடத்தும்போதெல்லாம், பொங்கலுக்குக் கரும்பு கடித்த பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். மிளகாயைக் கொண்டுவந்தவரையோ, மல்லாட்டையை முதலில் விதைத்த விவசாயியையோ நாம் அப்படிப் பாடி வைக்கவில்லை. பெயர் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. அதனால்தான் அந்தப் பெயர்களை விட்டுவிடாதீர்கள் என்று கேட்கிறேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிலையத்து நண்பர் கை காட்டுகிறார். மரவள்ளியைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். அதுவும் தென் அமெரிக்கக் கிழங்கு. திருவிதாங்கூரில் 1880-களில் ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதைப் பயிரிடச் சொல்லி ஊக்கப்படுத்தினார். 1942-இல் பர்மா அரிசி நின்றபோது அங்கே எத்தனையோ வீடுகளில் அதுதான் சோறு. சேலத்துச் சவ்வரிசியும் அதே கிழங்கிலிருந்துதான் வருகிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பறங்கிக்காய்க்கு உங்கள் ஊரில் என்ன பெயர்? கொங்குப் பக்கம் அரசாணி என்கிறார்கள். பூசணி என்று சொல்லும் ஊர்களும் உண்டு. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கேட்டு, ஊர்ப் பெயரோடு நிலையத்துக்கு ஓர் அஞ்சலட்டை போடுங்கள். வணக்கம்.